அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரவுசர்

"இதை அணைச்சிடவா?" நாத்தனாரின் விரல் கம்ப்யூட்டரின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"தொடாதீங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் குரல் எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. கூடத்தில் பேச்சு நின்றது. அங்கேதான் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் எழுந்தவர் கட்டில் விளிம்பிலேயே சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

அதுதான் அவளால் ஆகவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். பின்னறைக்கு வந்தால் அங்கே நாத்தனார்.

"என்னமோ பண்ணு," என்று நாத்தனார் வெளியே போனாள்.

மேஜைமேல் பழுப்பேறிய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்குக் கம்பெனி கழித்துக் கொடுத்த சாமான். மகளைவிட மூத்தது. அதற்குத் தோதாக ஒரு பிரவுசர் கிடைக்காதா என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். புதியது எதுவும் அதில் ஏறாது. ஏறுகிற பழையதை இன்றைய தளங்கள் உள்ளே விடாது.

"போன்லதான் எல்லாம் வருதே. இந்த டப்பாவோட ஏன் மாரடிக்கிறீங்க?" என்று நேற்றுகூடக் கேட்டாள்.

"இது ஓடிடும்னு தோணுது," என்றவர், எங்கிருந்தோ பிடித்த ஒன்றை அதில் ஏறவிட்டுப் படுக்க வந்தார்.

இப்போது ஏறி முடிந்திருந்தது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். மெமரி போதாது என்றது. அதற்கு என்ன செய்வதென்று அவர் முணுமுணுப்பதை எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். மற்றதையெல்லாம் மூடினாள். படங்கள் வேண்டாம் என்று தட்டினாள். மறுபடி திறந்தாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் அடிக்கும் முகவரி அவளுக்கும் மனப்பாடம்.

திரை வெளுத்தது. அப்படியே நின்றது. நகத்தைக் கடித்தாள். பிறகு எழுத்துகள் வந்தன.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் பக்கம். இதே மாடலில் ஓடுகிற பிரவுசர் ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் சொல்கிறேன்' என்று கீழே கணவரின் பதில்.

அதன் கீழே எழுதப் போனதும் பக்கம் பெயர் கேட்டது. கணவர் பெயரையே அடித்தாள். பிரவுசரின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி, 'இது ஓடுகிறது' என்று முடித்தாள்.

கேள்வி கேட்டவரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'சொன்னபடியே பிடித்துவிட்டீர்களே. படம் வருகிறதா? என் மேஜையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.'

படங்களைத் திறந்துவிட்டாள்.

"ஃப்ளைட் இறங்கிடுச்சாம். முகத்தைக் கழுவிட்டு வாம்மா." நாத்தனார் வாசலில் நின்றாள்.

"இதோ வரேன் அண்ணி."

"என்ன அது? தம்பியோடதா?"

"இல்ல. யாரோ ஒருத்தரோட மேஜை. மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வருது."

முதலில் சுவர் வந்தது. பிறகு பாதி ஜன்னல். நாத்தனார் முக்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.