மூன்றாம் சிலிண்டரின் வளையம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஒர்க்‌ஷாப் என்னுடையது, பதினெட்டு வருடமாக எஞ்சின் பிரிக்கிறேன். ஆனால் வண்டியோடு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தே "உங்க மச்சான் இல்லையா?" என்று கேட்கிறார்கள். மச்சான், என் மனைவியின் தம்பி. வந்து சேர்ந்து மூன்றே வருடம்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "அவன் அவசரக்காரன், பிஸ்டன் வளையங்களை எடுத்து..."

(அடித்துவிட்டேன். பொய். அவனுடைய நிதானம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.)

வளையத்தைச் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளிச் சமமாக்குவான். வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பான். இடைவெளி போதாவிட்டால் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி பார்ப்பான். குறைவாக விட்டால் சூட்டில் வளையம் விரிந்து முனைகள் முட்டும், உடையும், சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் தேய்மானம் வேறு. அதனால் ராவியதை அந்தந்த எண் எழுதிய காகிதத்தின்மேல் வைப்பான்.

அதைப் பார்த்த என் மனைவி, "கத்துக்கோங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

3

போன பிரதியில், இரண்டாம் சிலிண்டரின் வளையத்தை அவன் தவறுதலாக மூன்றாவதில் மாட்டியதாக எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

(முந்தாநாள் ஒரு வேன் எஞ்சினின் வளையங்களை ராவி வைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பும்போது, "எதுக்கும் ஒருதரம் அளந்து பாத்துடுங்க அத்தான். நீங்க பாத்தாதான் எனக்குத் திருப்தி" என்றான். அளந்தேன். இம்மியும் பிசகவில்லை. ஒரேயொரு குறையாவது கிடைத்திருந்தால், காகிதங்களின்மேல் இருந்த அந்த இரண்டு வளையங்களையும் நான் இடம் மாற்றி வைத்திருக்க மாட்டேன்.)

4

முடிவு ஒன்று: எஞ்சின் இறுகி நிற்கிறது, வேன்காரர் என்னைத் தேடி வருகிறார். இதை ஆசை ஆசையாக நாலு பக்கம் எழுதினேன்.

முடிவு இரண்டு: நான் போய் அவனிடம் உண்மையைச் சொல்கிறேன். அவன் முகம்...

எழுதுகிற சாக்கில் நேரத்தைக் கடத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எஞ்சினை வேனில் ஏற்றியாகிவிட்டது. இப்போதுதான் மச்சான் உள்ளே வந்து, வேன் சாவியை இந்தத் தாளின்மேல் வைத்தான்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க அத்தான். எல்லாம் நீங்க அளந்து பாத்ததுன்னு வேன்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்."

கதவருகே காத்து நிற்கிறான். அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அப்படியே படித்துவிடுகிறேன்.