வலது முன் சக்கரத்துச் சத்தம்

1

இந்தக் கதையை எழுதக்கூடாது என்று என் அண்ணன் இராமச்சந்திரன் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். வேறு நல்ல காரணங்களும் இருக்கின்றன, ஆனால் முதல் காரணம் இதுதான். ஒளிப்பானேன்?

கதையில் வரும் முதலாளி தேவநாதன் என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். முதல் இரண்டு வரைவுகளில் அவரை வேறு யாரோ ஒரு முதலாளியாக மாற்றியிருந்தேன். எங்கள் ஊர் செஞ்சியைத் தூக்கிவிட்டுத் திண்டிவனத்தை வைத்தேன். எங்கள் கடலை எண்ணெய் மில்லை அரிசி மில் ஆக்கினேன். அரிசி மில் ஆனதும் கதை எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. ஏன் என்பது நாலாவது பகுதியில் தெரிந்துவிடும்.

"செத்தவரு பேர எதுக்கு சந்தியில இழுக்கற?" என்றார் அண்ணன் போனில். "அந்த டிரைவர் திமிர் புடிச்சவன். வண்டிக்கு ஒண்ணும் ஆவல. அவ்ளோதான் கத. எழுதறதா இருந்தா அத்த எழுது."

எழுதுகிறேன் அண்ணா. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு, ஐப்பசி மாதம். செஞ்சிக் கோட்டையின் மலைகள்மேல் கருமேகம் கவிந்து

(நிறுத்திவிட்டேன். கோட்டையைப் பற்றி எழுத ஆளா இல்லை? அதன் அடியில் குடியிருக்கிற நாங்கள் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டா இருக்கிறோம்?)

தொடக்கம் இரண்டு: உத்திராபதி ஓர் ஏழை டிரைவர். அவன் கண்களில்

(இதுவும் வேண்டாம். அவன் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏழை என்று ஆரம்பித்தால் நீங்கள் உடனே உச்சுக்கொட்டத் தயாராகிவிடுவீர்கள். அவன் உச்சுக்கொட்டப்பட வேண்டிய ஆள் இல்லை.)

தொடக்கம் மூன்று. இதையே வைத்துக்கொள்கிறேன்: வண்டியில் சத்தம் வந்தது.

3

டக், டக், டக். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. திருப்பத்தில் மட்டும் வரும். வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாக வரும். உத்திராபதி அதை முதலில் கேட்டது சிங்கவரம் சாலை வளைவில். பல்லிடுக்கில் கல் மாட்டியதுபோல அவனுக்கு அன்றைக்குப் பூராவும் நிம்மதி இல்லை.

வண்டி* பழைய ராணுவ வண்டி. தினம் காலையில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு பனமலைக்குப் போகும். அங்கே நைனாவின் நிலத்தில் கடலை பிடுங்கும் வேலை. சாயங்காலம் மூட்டைகளோடு பெண்களும் அதே வண்டியில் திரும்புவார்கள். பனமலை ஏரிக்கரை மேல்தான் வழி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், நடுவில் மூன்று வளைவு. அந்த மூன்று வளைவிலும் சத்தம் வந்தது.

(* இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டது. முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி. சாதாரண லாரிக்குப் பின் சக்கரத்தில்தான் இழுவை. இதற்கு முன் சக்கரத்திலும் உண்டு. ஏரி மணலில் ஏறிவிடும் என்பதால் நைனா அதை ஐராவதம் என்பார். மற்றவர்கள் மிலிட்டரி வண்டி என்பார்கள்.)

"சத்தத்த கண்டுபுடிக்காம நான் எடுக்கமாட்டேன் மொதலாளி" என்று நாலாம் நாள் காலை உத்திராபதி சொன்னான். மில் களத்தில் பெண்கள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

நைனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பிடுங்கிய செடி நிலத்தில் கிடந்தது. மழை பிடித்தால் கடலை முளைத்துப்போகும். "பழைய வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும். மெக்கானிக்க கூப்புடு. பாத்துட்டு கெளம்பு."

மெக்கானிக் பெரியதம்பி வந்தான். ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருக்கும் என்று பார்க்காமலே சொன்னான். பிறகு கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தான். புஷ் அசையவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இல்லை. அப்போ பேரிங்கும் இல்லை.

"ஓடறப்பதான் வருது, நிக்கறப்ப தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்றான் உத்திராபதி. "நான் வட்டமா ஓட்டறேன். கூடவே நடந்துவந்து சக்கரத்துக்கிட்ட காத வச்சிக் கேளு."

"எஞ்சின் சத்தத்துலயே இருந்து என் காது மந்தமாயிடுச்சிண்ணே. வேற யாரனா கேக்கச் சொல்லு."

பெண்களில் ஒருத்தி, அம்மாக்கண்ணு, தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தொட்டியில் அவள் வழக்கமாக உட்காரும் இடம் வலது முன் மூலை. "நான் கேக்கறேன். தெனமும் அத்தான கேட்டுக்கினு போறேன்."

(இங்கே ஒரு சந்தேகம். கூலிக்கு வந்த பெண்ணை நைனா வண்டி அருகில் விட்டிருப்பாரா? அம்மாக்கண்ணு உன் கற்பனை என்பார் அண்ணன். பெயர் மட்டும் என் கற்பனை. ஒரு பெண் சக்கரத்தோடு குனிந்து நடந்ததைப் பெரியதம்பியே என்னிடம் சொன்னான், ஆனால் பெயர் அவனுக்கு ஞாபகம் இல்லை. மெக்கானிக்குக்குப் பெயர் இருக்கிறது, முதலாளிக்குப் பெயர் இருக்கிறது, கேட்டுச் சொன்னவளுக்கு இல்லை. அதற்காகவே வைத்தேன், போங்கள்.)

உத்திராபதி களத்தில் வட்டமடித்தான். அம்மாக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது சக்கரத்தோடு குனிந்தபடியே நடந்தாள். பெண்கள் சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் கையைத் தூக்கினாள்.

"சக்கரத்துல இல்ல, அடியிலயும் இல்ல. சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையா ஒண்ணு இருக்குதே, அதுக்குள்ள."

உத்திராபதி எஞ்சினை அணைத்தான். அந்த உருண்டையை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

4

முன் அச்சின் இரண்டு முனையிலும் இரும்பு உருண்டை போல ஓர் உறை இருக்கும். சக்கரம் திரும்பிக்கொண்டே சுழல வேண்டும் அல்லவா, அதற்கு இடம் கொடுக்கிற இணைப்பு அதற்குள் இருக்கிறது. உறையில் ஒரு சின்ன பிளக். அதைக் கழற்றி கிரீஸ் அடைக்க வேண்டும். கிரீஸ்தான், வேறொன்றும் இல்லை.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று, புதிதாக ஆட்டிய முதல் எண்ணெயில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கரண்டி. செக்குக்கு, எஞ்சினுக்கு, எடைத் தராசுக்குக்கூட. வண்டி வந்த பிறகு வண்டிக்கும். மற்றவற்றுக்கெல்லாம் மேலே தடவினால் போதும். ஐராவதத்துக்கு உள்ளேயே ஊற்ற வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை. தேவநாதன் மில் எண்ணெயைவிட எது உசத்தி? உருண்டைக்குள் கடலை எண்ணெய் போயிற்று. எண்ணெய்தான் இருக்கிறதே, அப்புறம் கிரீஸ் எதற்கு என்று கிரீஸ் நின்றுபோயிற்று. இப்படி மூன்று ஆயுத பூஜை.

மூன்று முறையும் ஸ்பேனர் பிடித்து பிளக்கைக் கழற்றிக் கொடுத்தவன் உத்திராபதி. இது தப்பு என்று அவனுக்குத் தெரியும். முதல் வருஷம் சொல்ல வாயெடுத்தான். கற்பூரத் தட்டோடு நிற்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் வாய்கூட எடுக்கவில்லை. மூன்றாம் வருஷம் அவர் கேட்பதற்கு முன்பே கழற்றி வைத்திருந்தான். அந்த மூன்றாம் வருஷத்தை நினைத்தால் அவனுக்கு இப்போது வெட்கமாக இருந்தது.

பெரியதம்பி பிளக்கைத் திறந்தான். பழுப்பாக, பசையாக ஏதோ பிதுங்கியது. அம்மாக்கண்ணு விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இது கிரீஸ் இல்ல. எண்ண காறிப்போயி கெடக்குது. நம்ம மில்லு எண்ண."

பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. நைனா யாரையும் பார்க்காமல், "எவன்டா இதுல எண்ணெய ஊத்துனது?" என்றார்.

(அண்ணா, இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்வீர்கள். எடுக்க மாட்டேன்.)

"நீங்கதான் ஊத்துனீங்க மொதலாளி" என்றான் உத்திராபதி. "பிளக்க கழட்டிக் குடுத்தவன் நான். மூணு வருசமும் நான்தான். எம்மேல பாதி தப்பு. அதனாலதான் சொல்றேன், இத்த நான் ஓட்டமாட்டேன்."

5

பெரியதம்பி இணைப்பை வெளியே இழுத்துத் துடைத்துப் பார்த்தான். உள்ளே இருந்த எஃகுக் குண்டுகளில் ஒன்று செதில் செதிலாக உரிந்திருந்தது. "திருப்பத்துல இது மாட்டிக்கிச்சின்னா ஸ்டீரிங் அப்படியே நின்னுடும். மெட்ராஸ்லேந்து புதுசு வரணும். ஒரு வாரம் ஆவும்."

"மாட்டிக்கும்னு சொல்றியா, மாட்டிக்கலாம்னு சொல்றியா?" என்றார் நைனா.

பெரியதம்பி தயங்கினான். "மாட்டிக்கலாம்."

"அப்ப கழுவிட்டு கிரீஸ் அடிச்சி பூட்டு. மழ வர்றதுக்குள்ள கடல வூடு சேரணும்."

(வண்டிக்குள் இருக்கும் கோளாறும் கதைக்குள் இருக்கும் கோளாறும் ஒன்றுதான் என்று ஓர் உவமை இந்த இடத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வராது. இது வண்டி. பின்னால் ஏறப்போவது பதினெட்டுப் பெண்கள்.)

ஒரு மணி நேரத்தில் பூட்டியாயிற்று. உத்திராபதி ஏறவில்லை. மில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் தாண்டவராயனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். நைனா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெண்கள் ஏறாமல் அம்மாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு உத்திராபதியைப் பார்த்தாள்.

அப்போதுதான் நைனா மில்லை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி என் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா, ஆதிலட்சுமி, ஏழு மாதம். இரண்டாவது பிரசவத்துக்கு அன்று சாயங்காலம் பஸ்ஸில் பனமலைக்குத் தாய்வீடு போக வேண்டியவள்.

"எம்பொண்டாட்டியவே இந்த வண்டியில அனுப்பறேன். வயித்துப் புள்ளையோட. இப்ப இன்னா சொல்ற?" என்றார் உத்திராபதியிடம். பிறகு அம்மாவிடம், "ஏறு" என்றார்.

உத்திராபதி சாவியை எடுத்து நைனாவின் கையில் வைத்தான். வேலை போயிற்று என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் மனைவி கண்ணம்மாளுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் நைனாவைத் தாண்டி நேரே என் அம்மாவைப் பார்த்தான்.

"ஏறாதீங்கம்மா."

அம்மா படிமேல் ஒரு காலை வைத்து

6

முடிவு ஒன்று: ஏரிக்கரை இரண்டாம் வளைவில் வலது சக்கரம் மாட்டிக்கொண்டது. ஸ்டீரிங் திரும்பவில்லை. வண்டி பள்ளத்தில்

(இதை எழுதினால் உத்திராபதி சொன்னது சரி என்று எல்லோரும் ஒத்துக்கொள்வீர்கள். ஒருவன் சொன்னது சரி என்று காட்டப் பெண்களைப் பள்ளத்தில் தள்ள வேண்டுமா? நான் தள்ள மாட்டேன்.)

முடிவு இரண்டு, அண்ணன் சொன்னது: எல்லோரும் ஏறினார்கள். வண்டி போயிற்று, வந்தது. மழைக்கு முன் கடலை வந்து சேர்ந்தது. உத்திராபதி கடைசிவரை எங்கள் மில்லுக்குள் கால் வைக்கவில்லை.

(இது நடந்திருக்கலாம். பெரியதம்பியே "மாட்டிக்கலாம்" என்றுதானே சொன்னான்.)

முடிவு மூன்று: யாருமே ஏறவில்லை. பெண்கள் தூக்குச்சட்டியோடு பனமலைக்கு நடந்தார்கள்.

(எனக்குப் பிடித்த முடிவு. பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை.)

அம்மாவிடம் ஒருதரம் கேட்டேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தாளு எம்மூஞ்சியப் பாத்து ஏறாதீங்கம்மான்னு சொன்னாரு. வாக்கப்பட்டு வந்து நாலு வருசத்துல, எனக்கு இன்னா ஆவுமோன்னு யோசிச்ச மொத ஆளு" என்றாள். "ஏறுனியா?" என்றேன். உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அன்று அம்மாவின் வயிற்றில் இருந்தது நான். பிறந்தேன், வளர்ந்தேன், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் உயிரோடு இருப்பதைக் காட்டி, பார், ஒன்றும் ஆகவில்லையே என்று யாரும் வர வேண்டாம். நைனாவின் பக்கத்துக்கு நான் சாட்சி இல்லை. ஒன்றுமே ஆகாமல் வண்டி பனமலை போய்ச் சேர்ந்திருந்தாலும், அன்று காலை அந்தக் களத்தில் உத்திராபதி சொன்னதுதான் சரி.

அம்மாவின் ஒரு கால் படியில் இருக்கிறது, இன்னொரு கால் தரையில் இருக்கிறது. அதைத் தூக்கி உள்ளே வைக்க என்னால் ஆகாது. வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், என் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே வையுங்கள்.