எண்பத்தெட்டாவது உறுப்பினர்

யாரோ பியானோ வாசிக்கும் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். வித்தியா ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, மறுகையால் அப்பாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்தாள். ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் காலை பத்து மணி. அமெரிக்காவில் முதல் நாள் மாலை ஆறு. மங்கரேயில் சரக்கு அனுப்பும் கம்பனியில் வேலை செய்பவளுக்கு இந்த நேரக் கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"எடுத்திட்டாரோ?" என்றார் குலசிங்கம். கண் திறக்கவில்லை.

"இல்லை அப்பா. ஆளைக் கூப்பிடப் போயிருக்கினம்."

காலையில் வந்த நேர்ஸ், இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தம்பி பிருந்தன் கிளென்ஃபீல்டிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். இப்படியான நேரத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடுவார்கள். வித்தியா அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைமாட்டில் விபூதியும் ஒரு கிண்ணத்தில் பாலுமாக இருந்த அம்மா குணவதிக்கு அது பொறுக்கவில்லை. "கடைசி நேரத்திலயும் இந்த மனுசனுக்கு வெள்ளைக்காரற்றை பேர்தான்."

அந்தப் பெயர்கள் ஒரு நீலக் கோப்பில் இருந்தன. வரைபடத்தில் காட்டச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் தடுமாறக்கூடிய ஓர் அமெரிக்க மாநிலம், அதன் சட்டசபை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தோராம் ஆண்டுக் கூட்டத்தொடர். உறுப்பினர்கள் நூற்று முப்பத்தேழு பேர். யார் எந்தத் தொகுதி, எந்தக் கட்சி, பிறகு என்ன ஆனார், எப்போது செத்தார் என்று ஒக்லண்டில் பஸ் ஓட்டி இளைப்பாறிய குலசிங்கத்துக்குத் தெரிந்த அளவு அந்த மாநிலத்துக்காரருக்கே தெரிந்திருக்காது. உயிரோடிருந்த எல்லோருக்கும் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான். அந்த ஆனி மாதம் ஈழத் தமிழருக்காக ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

பத்தொன்பது பேர் பதில் போட்டார்கள். எல்லோரும் மரியாதையான மனிதர்கள். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒருவர் பேரப்பிள்ளைகளின் படத்தை அனுப்பியிருந்தார்.

மற்ற அப்பாக்கள் இளைப்பாறிய பிறகு கத்தரி நட்டார்கள், கோயில் நிர்வாகத்தில் சண்டை பிடித்தார்கள். தன் அப்பாவுக்கு மட்டும் ஏன் இந்த விசர் என்று வித்தியா பலமுறை கேட்டிருக்கிறாள். "சும்மா, அறியத்தான்," என்பார். சும்மா யாராவது நூற்று முப்பத்தேழு பேரைத் தேடுவார்களா? அந்தக் கேள்வி அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பதில் சொல்லக்கூடியவருக்கு இப்போது சில மணித்தியாலங்கள்தான் மிச்சம்.

எண்பத்தெட்டாவது பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. ஹரால்ட் பிட்மன். இருக்கிறாரா, போய்விட்டாரா, தெரியாது. நேற்றுத்தான் வித்தியா ஒரு தேவாலயச் செய்திமடலில் அவருடைய தொண்ணூற்றோராவது பிறந்தநாள் படத்தைக் கண்டுபிடித்தாள். சொன்னபோது, மூன்று நாளாக அசையாமல் கிடந்த அப்பா தலையைத் தூக்கப் பார்த்தார். "கேள் பிள்ளை. அவரையும் கேட்டிடு."

பியானோ நின்றது. ஒரு கிழவரின் இருமல் கேட்டது. தொலைந்த கொள்கலனை விசாரிக்கும் அதே குரலில் வித்தியா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசித்தார்.

"இல்லை அம்மா. ஒரு நாளைக்கு நாற்பது தீர்மானம் வரும். ஹொக்கி அணிக்கு வாழ்த்து, ஓய்வுபெறும் தீயணைப்பு அதிகாரிக்கு நன்றி. யாராவது வாசிப்பார்கள், நாங்கள் ஆம் என்போம். பாதிப்பேர் சாப்பிடப் போயிருப்பார்கள்."

ஞாபகம் இருக்கிறதாம் என்று ஒரு பொய் சொன்னால்தான் என்ன? ஆனால் அப்பா கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் ஞாபகம் இல்லையாம் அப்பா."

"ம்."

அவ்வளவுதான். நன்றி சொல்லி வைக்கப்போனபோது கிழவர் கேட்டார்: "ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது?"

பத்தொன்பது பதில்களில் ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை. பட்டியல் ஏன் என்று நச்சரித்த வித்தியாவும் இதைக் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் அருகே பிடித்தாள்.

"அப்பா, பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறார்."

"வேண்டாம் பிள்ளை," என்றாள் அம்மா சட்டென்று. "அதைக் கிண்டாதை."

அம்மாவுக்குத் தெரியும் என்பதே வித்தியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடிதங்களையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் எழுதிய மனிதர் தமிழில் பேசத் தொடங்கினார்.

"தம்பி நேசராசாவுக்கு ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டிருந்தது. நூல்நிலையம் எரிஞ்ச மாதம். பேப்பரில வந்தது, அமெரிக்காவில ஒரு சட்டசபை எங்களுக்காகத் தீர்மானம் போட்டிட்டுது எண்டு. நான்தான் அவனுக்குக் காட்டினன். இனி எல்லாம் சரிவரும், நீ போகாதை, நில்லடா எண்டன்."

சுவாமி அறையில் மாலை போட்ட படமாகத்தான் வித்தியாவுக்குச் சித்தப்பாவைத் தெரியும். எண்பத்து நாலில் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஆமி ஏற்றிக்கொண்டு போனது என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் பிட்மன்.

மொழிபெயர்க்க வாயெடுத்தாள். முடியவில்லை. அந்த நூற்று முப்பத்தேழு பேர்மீதும் அவளுக்குக் கோபம் வந்தது. இதையெல்லாம் இத்தனை வருஷம் தனியாகவே வைத்திருந்த அப்பா மீது அதைவிடக் கோபம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

"பரவாயில்லை, அவர் பேசட்டும்," என்றார் கிழவர். "எனக்கு ஓர் அவசரமும் இல்லை."

அப்பா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "அவன் பேப்பரை ரெண்டு தரம் வாசிச்சவன். உண்மையோ அண்ணை எண்டு கேட்டவன். நான்... ஓம் எண்டன்."

பிறகு ஒரு நீண்ட மூச்சு. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

அம்மா கரண்டியால் பாலை விட்டாள். அது வாயோரத்தால் வழிந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, நெற்றியில் மூன்று குறியாக விபூதி பூசினாள். வெளியே பிருந்தனின் கார் வந்து நின்றது.

ஃபோனில் கிழவரின் மூச்சு கேட்டது. சற்றுப் பொறுத்து அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றார். "நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள்."

வித்தியா ஃபோனை அணைக்கவில்லை. தலையணையில், அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, தம்பிக்குக் கதவைத் திறக்கப் போனாள்.