மழை இல்லாத மாதத்து ஈரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு நடு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தம்பி. தம்பியின் மனைவி. அவளுடைய அண்ணன், அதாவது தம்பியின் மச்சான். எந்த வேலையும் நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்று குதிப்பவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். ஐந்தாவது, பழைய வீடுகளில் கசிவு பார்க்கும் பெண்மணி. எங்கே ஈரம் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்று அவரை எல்லோரும் ஈரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். ஆறாவது ஆள் கிடையாது. ஜன்னலோரம் நின்று தன் காதால் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரியும் எதிர்வீட்டுக்காரர் அன்று ஊரிலேயே இல்லை.

இந்த வீட்டைக் கட்டியவர் எங்கள் அப்பா. கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரி ஆனவர். இந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடு அவர் கைவேலை. எங்கள் மொட்டை மாடித் தளத்தைச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, பதினெட்டு நாள் ஆள் வைத்து அடித்து இறுக்கினார். “என் தளத்துல தண்ணி இறங்குச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னவர். அந்தத் தளத்தைத்தான் மறுநாள் திங்கட்கிழமை உடைப்பதாக இருந்தது.

காரணம், நடு அறைச் சுவரில் ஓர் ஈரத் திட்டு. நான்கு வருடமாக இருக்கிறது. முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் தொடங்கியது. வருகிறவர் கண்ணில் படக் கூடாதென்று அதன்மேல் ஒரு நாள்காட்டியை மாட்டினேன். “என்னக்கா, எறும்புக்கெல்லாம் தேதி காட்டுறீங்களா?” என்று தம்பி சிரித்தான். திட்டு பெரிதானது, நானும் பெரிய நாள்காட்டியாக வாங்கினேன். இன்னொன்றும் செய்தேன். திட்டின் விளிம்பு நகரும்போதெல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அது நின்றுவிட்டது, இனி வளராது என்று ஒருநாள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்குள் அவசரம் காட்டிவிட்டார். போன மாதம் வந்திருந்தபோது மின்விசிறிக் காற்றில் நாள்காட்டி புரண்டது. “அட! ஊருக்கெல்லாம் வீடு கட்டின மேஸ்திரி வீட்டுத் தளமே ஒழுகுதா?” என்றார். தெரு முனைக்குப் போவதற்குள் நாலு பேரிடம் சொன்னார். கையோடு, தளத்தை உடைத்துப் புது கான்கிரீட் போட ஆளும் பேசிவிட்டார். உடைப்பதற்குமுன் வெளியாள் ஒருவர் பார்க்கட்டும் என்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“சரிக்கா,” என்றான் தம்பி. “ஆனா ஒண்ணு. வேற காரணம் எதுவும் கிடைக்கலன்னா நீங்க குறுக்க நிக்கக் கூடாது.”

நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஈரம்மா சனிக்கிழமை வந்தார். மொட்டை மாடியின் தண்ணீர் போகும் வாய்களைத் துணியும் மணல் மூட்டையும் வைத்து அடைத்து, தளம் முழுவதும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தினார். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார். கீழே வந்து சுவரை விரல் கணுவால் தட்டினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். மோந்தார். நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். மருத்துவர் பார்ப்பதுபோல இருந்தது. நோயாளி சுவர் என்பதுதான் வித்தியாசம்.

ஞாயிறு காலை முடிவு சொன்னார். “தளத்துல ஒரு சொட்டு இறங்கலை. கூரை காஞ்ச பப்படமா இருக்கு.”

“ஒரு நாள் நின்ன தண்ணி ஒரு சாட்சியா?” என்றார் அவசரம். “தண்ணிக்கு வழி சொல்லித் தரணுமா? எங்கேயோ இறங்கி எங்கேயோ வரும்.”

“வரும் சார். ஆனா மேலேர்ந்து கீழேதான் வரும். இது கீழேர்ந்து மேல ஏறியிருக்கே.”

சொல்லிக்கொண்டே ஈரம்மா நாள்காட்டியைக் கழற்றினார். என் பென்சில் கோடுகள் எல்லோர் முன்னாலும் வெளியே வந்தன. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார்.

“யாரு எழுதினது?”

“நான்தான்.”

“இத்தனை வருஷமா தொழில் பண்றேன். சுவத்துக்கு டைரி எழுதின வீட்டை இப்பத்தான் பாக்குறேன்.” தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஈரம்மா சிரிக்கவில்லை. “அம்மா, இதைக் கவனிச்சீங்களா? வெயில் மாசத்துல கோடு வரிசையா தள்ளிப் போகுது. மழை மாசத்துல ஒரு கோடுகூட இல்ல.”

“மழையில வளரலை. அதனால போடலை.”

“அதைத்தான் கேக்குறேன். மழையில காஞ்சு, வெயில்ல நனையுற சுவரு எது?”

நான்கு வருடமாக நான் எழுதிய தேதிகள். ஒருமுறைகூட நான் அவற்றைச் சேர்த்துப் படித்ததில்லை. எல்லோரும் சுவரருகே குனிந்தோம்.

“குளியலறையா இருக்குமோ?” என்றாள் தம்பி மனைவி.

“அது வீட்டோட அந்தக் கோடியில இருக்கு. அதுவும் நீங்க மழைக்காலத்துல குளிக்கிறதில்லையா என்ன?”

“பூமிக்குள்ள ஊத்து ஏதாவது?” என்றார் அவசரம்.

“ஊத்து மழைக்காலத்துல வத்துமா சார்?”

“அண்ணா, நீ கொஞ்ச நேரம் சும்மா இரேன்,” என்றாள் தம்பி மனைவி.

ஈரம்மா தம்பியைப் பார்த்தார். “வெயில் வந்தா இந்த வீட்டுல என்ன மாறும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“என்ன மாறும்? அக்கா மாடி அறையில ஏசியைப் போட்டுட்டு உக்காந்துடுவாங்க. சாப்பாட்டுக்குக்கூட மூணு தடவை கூப்பிடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறையைக் குளிரவைக்கும் அந்தப் பெட்டி நாள் முழுக்கத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது அந்த ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், தம்பி குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த வாரத்தில் அது பொருத்தப்பட்டது. தண்ணீர்க் குழாயை வீட்டு முகப்பின் வழியாகக் கீழே இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அப்பா கட்டிய முகப்பில் பிளாஸ்டிக் குழாய் தொங்குவதா? முடியாது என்றேன். என் அறைச் சுவருக்குள் பழைய சுடுமண் மழைக்குழாய் ஒன்று உண்டு. அதன் மேல்வாயைக் காட்டி, இதற்குள் விடுங்கள் என்றேன்.

“சரி,” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் அவசரம். “கண்ணாமூச்சி போதும். காரணம் கிடைக்கலை இல்ல? காலையில ஏழு மணிக்கு ஆள் வந்துடும்.”

தம்பி என்னைப் பார்த்தான். என் வாக்கை நினைவூட்டும் பார்வை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தளம் உடையும். அப்பா பெயர் போகும். என் பெயர் நிற்கும். அப்பா பதில் சொல்ல வர முடியாது.

“எல்லாரும் மேல வாங்க,” என்றேன். “காரணம் என் அறையில இருக்கு.”

குழாயின் மேல்வாயைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். ஈரம்மா ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி அதற்குள் ஊற்றச் சொன்னார். நானே ஊற்றினேன். ஈரம்மா கீழே போய்த் திட்டின் அடிப்பகுதியில் உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். பூச்சு விழுந்தது, சுடுமண் குழாயின் இணைப்பு தெரிந்தது. அதன் வழியாக நீலத் தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்தது. மழைநீரை வெளிக்குழாய்க்கு மாற்றியபோது அப்பா பழைய குழாயின் அடிவாயைப் பூசி மூடியிருக்கிறார். நான்கு கோடைத் தண்ணீரும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, இணைப்பு வழியாகச் சுவருக்குள் ஏறியிருக்கிறது.

“உங்கப்பா மூடினது கல்லு மாதிரி இருக்கும்மா,” என்றார் ஈரம்மா. “அதுலேர்ந்து ஒரு சொட்டு வெளிய வரலை பாருங்க.”

அவசரம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நாளைக்கு வர வேண்டாம் என்று ஆட்களிடம் சொன்னார். திரும்பி வந்து, “தளம் நல்ல தளம்தான்க்கா,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மட்டும் அவர் நேரம் எடுத்துக்கொண்டார்.

உடனே நீர்புகாப் பூச்சு அடித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். “ஈரத்தை உள்ள வச்சுப் பூசினா அது வேற வழி பாத்துக்கும். ரெண்டு மாசம் சுவரைத் திறந்து போடுங்க. மூச்சு விடட்டும்,” என்றார் ஈரம்மா. அப்படியே போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் பார்க்கிறார்கள். மறைக்க இப்போது நாள்காட்டி இல்லை. முகப்பில் வெள்ளைக் குழாய் தொங்குகிறது.

தெருவில் வேறு பேச்சு கிளம்பியிருக்கிறது. மெக்கானிக் குழாயைத் தப்பாக விட்டதால்தான் மேஸ்திரி வீட்டுச் சுவர் கெட்டது என்கிறார்கள். என் மானத்தைக் காப்பதாக நினைத்து இதைக் கிளப்பியவன் என் தம்பி. இரண்டு வீட்டில் அந்த மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் பெயர் நிற்க இன்னொருவர் பிழைப்பில் மண் விழ வேண்டியதில்லை.

அந்தப் பேச்சு பொய். வெளியே விடத்தான் அவர் சொன்னார். இரண்டு முறை சொன்னார். உள்ளே விட வைத்தது நான்.