இரண்டு டிஸ்குக்கு நடுவே விழுந்தவள்

டிஸ்க் செத்துப்போய், கிடங்கின் டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்ட அன்று காலை, அதைப் பராமரிக்கிறவனின் மனைவிக்கு எடை இல்லாமல் போயிற்று. மூட்டை நிறுக்கும் மேடையில் ஏறி நின்றாள். எண் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. மற்றபடி ஆள் அப்படியே, வாயும் அப்படியே. "நல்லதாப் போச்சு, இனி நீ லாரியில ஏறினா டீசல் மிச்சம்" என்றார் முதலாளி. துக்க வீட்டிலும் பெட்டி என்ன எடை என்று கேட்கிற மனுஷன்.

காரணம் பராமரிக்கிறவனுக்குத் தெரியும். ஓடுகிற டேட்டாபேஸை நிறுத்தாமலே ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். டிஸ்க் முழுவதும் படம்பிடித்த மாதிரி அந்தக் கணத்தில் உறையும். எதை மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் லாகும் அதே படத்தில் விழுந்தால், பாதியில் நின்ற வேலையை மீட்கும்போது அதுவே சரிசெய்துகொள்ளும். ஆனால் மலிவாகக் கிடைத்ததென்று முதலாளி லாகுக்குத் தனி டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தார். இப்போது மீட்ட பேக்கப்பை எடுத்த அன்று, அவன் ஒன்றைப் படம்பிடித்து, கண்சிமிட்டி, மற்றதைப் பிடித்தான். முதலில் யாரும் எதையும் எழுத முடியாதபடி டேட்டாபேஸைப் பூட்டியிருக்க வேண்டும். "பூட்டினா லோடு நிக்கும்யா, வர்றவன் எதிர்க்கடைக்குப் போயிடுவான்" என்று கத்துவாரே என்று பூட்டவில்லை. அந்தக் கண்சிமிட்டலில்தான், அங்கேயே வேலை பார்த்த அவன் மனைவி பழைய கிடங்கிலிருந்து புதுக் கிடங்குக்கு மாறிக்கொண்டிருந்தாள். பழைய பட்டியலில் பேர் போயிற்று, புதியதில் ஏறவில்லை.

பேரைப் புதிதாக ஏற்றிவிடலாம்தான். அதே மீட்பில் சிக்கிய காவலாளியை அப்படி ஏற்றினார்கள். முழு எடையோடு வந்தார்; தன் வீட்டு வாசலில் நின்று, இது யார் வீடு என்று பெண்டாட்டியிடமே கேட்டார்.

"எனக்கு அது வேண்டாங்க" என்றாள் இவள். "உங்களை முதல்லேர்ந்து சகிச்சுக்க இன்னொரு தரம் என்னால ஆகாது."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஈர மண்ணில் இருவர் நடந்தால் ஒருவர் தடம்தான் விழுந்தது. கட்டிலில் அவள் பக்கத்து விரிப்பு கசங்கவே இல்லை. அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே வீடு, ஆள் காலி செய்த வீடு மாதிரி எதிரொலித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டால், தன் கையையே பிடித்திருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

பிறகு டேட்டாபேஸையும் லாகையும் ஒரே டிஸ்கில் சேர்த்து, ஒருநாள் காலை முறைப்படி பூட்டினான். கிடங்கே நின்றது. ஊற்றிய தேநீர் கோப்பைக்கு மேலே தொங்கியது. தும்ம வந்த சுமைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். அவனும் மனைவியும்தான் அசைந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது. யாரும் எங்கும் மாறாத நேரத்தில் அவளும் எல்லாரையும் போலத்தான்.

"என்னங்க, கால் தரையில படுது" என்றாள்.

ஸ்னாப்ஷாட் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அவன் பூட்டைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திறந்தபோது தேநீர் ஆறிப்போய்க் கோப்பையில் விழுந்தது; அவள் எடை மறுபடி போயிற்று.

அதன்பின் பேக்கப் தினசரி நடந்தது, நாளுக்கு நாள் நீண்டது. "ஏன்யா, இவ்வளவு நேரமா?" என்றார் முதலாளி. "நம்பிக்கையான பேக்கப்னா நேரமாகும் முதலாளி" என்றான். அவரும் யோசித்துப் பார்த்து, தேநீரை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். கிடங்குக்குள் வெயில் சட்டென்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவியிருந்தால், பேக்கப் முடிந்தது என்று சுமைக்காரர்கள் தோளிலிருக்கும் மூட்டையோடு மீதி நடையை நடக்கிறார்கள்.