இங்கே ஓடினால் போதாது

...ஓடுகிறது, நிரல் கண்ணெதிரே ஓடுகிறது, குரலும் கணீரென்று வருகிறது, ஆனால் இங்கே ஓடி என்ன பிரயோஜனம், அண்ணனின் அறையில் அல்லவா ஓட வேண்டும், அங்கே கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதே. இவளுடைய லேப்டாப்பில் லினக்ஸ், அண்ணனின் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ், அதை மாற்றவும் வழியில்லை, அவன் பார்வை திரையில் எந்த எழுத்தின்மேல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் கேமரா அந்தக் கிழட்டு மெஷினோடு மட்டும்தான் ஒத்துப்போகும். பக்கவாதம் பேச்சையும் கைகால்களையும் வாரிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பது கண்தானே, அவன் கண்ணால் எழுதுவதை உரக்கப் படிக்க ஒரு நிரல், இவளே எழுதியது. எழுதியதை மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அந்த மெஷினிலேயே அப்படிக் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும், அதனால் இங்கே உட்கார்ந்து அங்கே ஓடுவதற்காகக் கம்பைல் செய்கிறாள், ஒரு வீட்டில் சமைத்து இன்னொரு வீட்டில் பரிமாறுகிற பிழைப்பு. விண்டோஸ் மாதிரி நடிக்கும் ஏற்பாடு ஒன்று லேப்டாப்பில் உண்டு, அதில் போட்டால் ஒரு குறையும் இல்லை. நடிப்பு நடிப்புதானே...

பக்கத்து அறையில் அண்ணி கட்டில் விரிப்பை மாற்றுகிறாள், அவனைப் புரட்டும்போது அவளிடமிருந்து வரும் அந்த முனகல், இடுப்பு விட்டுப்போய்விட்டது பாவம், இல்லை, பாவம் பார்த்தால் அவள் நினைத்தது நடந்துவிடும். பராமரிப்பு இல்லத்திலிருந்து சாயங்காலம் ஆள் வருகிறது, அண்ணன் சம்மதித்தால் நாளைக்கே வண்டி. அவனுக்கு இஷ்டமில்லை என்று இவள் ஒற்றைக் காலில் நின்றபோது அண்ணி கத்தவில்லை, துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவரு கண்ணைச் சிமிட்டினா நீ ஒண்ணு சொல்ற, நான் ஒண்ணு சொல்றேன். அவரே சொல்லட்டும்." சொல்லத்தான் போகிறான், இந்தச் சனியன் பேசினால். அண்ணனின் மனசு இவளுக்குத் தெரியாதா, கூடப் பிறந்தவளுக்கு?

எங்கே போய்த் தேடுகிறாய் குரலை, ஏன் ஊமையாகிறாய்... அட, மடச்சி. குரல் கோப்பு இருக்கும் இடம் என்று இவள் எழுதி வைத்திருப்பது தன் லேப்டாப்பின் முகவரி. இங்கே நடிக்கும் விண்டோஸ் நைசாக அந்த ஃபோல்டருக்குள் கையை விட்டு எடுத்துக்கொள்கிறது, அங்கே அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. சிரிப்பு வந்தது, அழுகையும். வாசல் மணி அடித்துவிட்டது, எந்தக் கோப்பு வேண்டும் என்று நிதானமாகப் பொறுக்க நேரமில்லை, முகவரியைத் திருத்தி, ஃபோல்டரை அப்படியே அள்ளி நிரலோடு சேர்த்துக் கட்டி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

இல்லத்து அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு, எங்களோடு வர உங்களுக்குச் சம்மதமா என்று அவனிடமே கேட்டாள், மரியாதையாக. திரையில் எழுத்துகள் விரிந்தன, மேலே நிரலே எடுத்துக்கொடுக்கும் வாக்கியங்களுக்கான கட்டம், அண்ணன் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, அதற்குள் அங்கே ஒரு வாக்கியம் தயாராக நின்றது: நான் போக மாட்டேன். காலையிலிருந்து சோதித்துப் பார்க்க இவள் அடித்த ஒரே வாக்கியம் அது, அடிக்கடி எழுதுவதை நினைவில் வைக்கும் கோப்பு அதே ஃபோல்டரில்தான் இருந்தது, அள்ளியதோடு அதுவும் வந்துவிட்டது. சொல்லிவிடலாமா, நிறுத்துங்கள், அது என்னுடையது என்று... அண்ணனின் பார்வை அந்தக் கட்டத்தில் போய் நின்றது, இன்னும் கொஞ்சம் நின்றால் போதும், நிரல் அதைப் பேசிவிடும், நில்லு அண்ணா, நில்லு.

நகர்ந்துவிட்டது. கீழே இறங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் கண்ணில் நீர் கோத்து வழி தவறி, மறுபடி முதலிலிருந்து. பிறகு அந்தக் கணீர்க் குரல், கோளாறே இல்லாமல்: "நான் போறேன். சம்சாரம் தூங்கட்டும்." அண்ணி விரிப்பின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கேயாவது ஒரு பிழை இருந்துவிடக் கூடாதா, ஒரு எழுத்தாவது மாறி விழுந்திருக்கக் கூடாதா... இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட, உனக்கு என்ன வேணும் அண்ணா என்று கேட்டதில்லையே, கேட்காதது ஏன், பதில் தெரியும் என்றா, தெரிந்துவிடும் என்றா...