வழியை நீளமாக்கியவள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது எனக்குச் சொல்லப்பட்ட கதை இல்லை. என் அக்கா இதை என் நண்பனிடம் சொன்னாள். அவனும் கதை எழுதுகிறவன்தான். என்னைவிட நன்றாக எழுதுகிறான் என்று ஊரே சொல்கிறது. கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் பக்கத்து அறையில் இருக்கிறேன், அவளுக்கு அவன்தான் கிடைத்தானா? வயிறு எரிந்தது. கதவோரம் நின்று கேட்டேன். அவன் எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும்.

2.

"காலை பதினொரு மணிக்கு இணையம் மூச்சுத் திணறி..." வேண்டாம். அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான்.

நேராகவே சொல்கிறேன். இணையத்தில் தேர்வு நடத்தும் ஓர் அலுவலகம். வெளியுலகோடு அதை இணைக்க இரண்டு லைன்கள். முதல் லைனை அக்கா ஆறு வருடமாகப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். இரண்டாவதைப் போன மாதம் சேர்ந்த புது இன்ஜினியர் கொண்டுவந்தான். இப்போது மாணவர்களின் விடைகளில் முக்கால்வாசி அவன் லைனில்தான் வந்தன.

(பாதிப் பாதியாகப் பிரிப்பதுதான் திட்டம். வெளியே இருந்து வழியைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டர்கள் நம் திட்டத்தையா கேட்கின்றன? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு. குறைவான எண்களைத் தாண்டும் வழி எதுவோ, விடைகள் பெரும்பாலும் அதில்தான் வரும்.)

எந்த லைனில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் வரைபடத்தை மேலாளர் பார்த்து, "இந்தப் புதுத் தம்பி வந்தப்புறம்தான் ஆபீஸ் உருப்பட்டிருக்கு" என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்தில் அவளிடம் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

3.

[இவளை நல்லவளாகக் காட்டுவதா? அவன் காட்டுவான். நான் மாட்டேன்.]

தேர்வன்று காலை, 'எங்களை அடைய இதுதான் வழி' என்று புதியவனின் லைன் வழியாக வெளியே போகும் அறிவிப்பில், தங்கள் அலுவலக எண்ணையே மூன்று முறை கூடுதலாகச் சேர்த்தாள். அந்த வழி நீளமாகத் தெரியும், விடைகள் கொஞ்சம் தன் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் ஆசை. கொஞ்சமா வந்தது? மொத்தமும் வந்து விழுந்தது. அவள் லைன் திணறிப்போய், ஆயிரக்கணக்கான விடைகள் பாதி வழியில் நின்றன. சேர்த்ததை அழித்தாள். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

இருவருக்கும் ஒரே கடவுச்சொல். யார் மாற்றியது என்று பதிவில் தெரியாது.

"யாருய்யா கை வச்சது?" என்றார் மேலாளர்.

"நானாத்தான் சார் இருக்கணும்," என்றான் புதியவன். "காலையில வெளிய போற பக்கம் ஒண்ணு மாத்தினேன். அக்காவைக் கேக்காம செஞ்சது தப்புதான்." அவன் மாற்றியது இங்கிருந்து போவதை மட்டும்தான், விடைகள் உள்ளே வரும் வழியை அது தொடவே தொடாது.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிருங்கக்கா. உங்க லைனையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

அக்கா வாயைத் திறந்து

4.

இந்த இடத்தில்தான் நண்பன் எழுந்துவந்து கதவைச் சாத்தினான். முடிவு அவனிடம் இருக்கிறது, படுபாவி.

அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, அடித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டாள் என்று இன்னொன்று எழுதினேன். அது பிரமாதமாக வந்தது. அவன் இப்படி எழுதத் துணியவே மாட்டான். அவள் பேசாமல்தான் இருந்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன், சொந்த அக்காவைப் பற்றி.

அக்கா இப்போது சமையலறையில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அந்தப் புதியவனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீங்கள் போய்க் கேளுங்கள்.